அசெம்பிள்டு செட்: சிக்கனச் செலவில் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரின் வரலாறு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஆத்தூரைத் தாண்டினால் உப்பளங்கள் கண்ணில் படத் தொடங்கும். வெள்ளை வெளேரென்று குவித்து வைத்த உப்பு அம்பாரங்களுக்குப் பின்னால் ஆலையின் புகைபோக்கிகள் தெரிந்தால் அதுதான் சாகுபுரம். 1950களின் இறுதியில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் (டிசிடபிள்யூ) நிறுவனம் இங்கே காஸ்டிக் சோடா ஆலையைத் தொடங்கியது. உப்புத் தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். அந்தக் குளோரினிலிருந்து பிவிசி கிடைக்கும். ஆலை, குடியிருப்பு, பள்ளிக்கூடம் என்று வளர்ந்த ஊர் இது.

2000ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் இதுபோன்ற ஊர்களின் நடுத்தர வீடுகளுக்கு ஒரு புதிய விருந்தாளி வரத் தொடங்கியது. இரண்டு அட்டைப் பெட்டிகளில் வரும். பெரிய பெட்டியில் மானிட்டர், இன்னொன்றில் கேபினெட். மானிட்டரில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். கீபோர்டில் வேறொரு கம்பெனியின் பெயர் இருக்கும். கேபினெட்டில் பெயரே இருக்காது! "என்ன கம்பெனி?" என்று பக்கத்து வீட்டார் கேட்டால், "கம்பெனி எல்லாம் இல்ல, அசெம்பிள்டு செட்" என்று கொஞ்சம் கூச்சத்தோடு பதில் வரும்.

உண்மையில் கூச்சப்பட எதுவுமே இல்லை. இந்தியாவில் சாதாரண வருமானம் உள்ள ஒரு குடும்பத்துக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து சேர்த்ததில் பெரிய பங்கு அந்தப் பெயரில்லாத பெட்டிக்குத்தான். அது எப்படி வந்தது, ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது, இன்று ஏன் மறைந்துகொண்டிருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

பாகங்களாக விற்ற முதல் கம்ப்யூட்டர்

பாகங்களை வாங்கி வீட்டிலேயே கம்ப்யூட்டர் கட்டும் பழக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. 1975 ஜனவரி மாத 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் 'ஆல்டேர் 8800' என்ற பெட்டியின் படம் வந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் என்பவர் நடத்திய எம்ஐடிஎஸ் என்ற சிறிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. விலை சுமார் 400 டாலர். வாங்குகிறவர் கையில் கிடைப்பது பாகங்கள் மட்டுமே. சால்டரிங் செய்து இணைப்பது அவரவர் பாடு.

கட்டி முடித்தாலும் அதில் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. நினைவகம் வெறும் 256 பைட். முன்பக்கத்தில் உள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித்தான் அதனுடன் பேச வேண்டும். சின்னச் சின்ன விளக்குகள் எரிந்து அணைவதுதான் அது தரும் பதில். இருந்தும் ஆர்டர்கள் குவிந்தன. அதற்கு பேசிக் மொழியை எழுதிக்கொடுத்துத்தான் பில் கேட்ஸும் பால் ஆலனும் மைக்ரோசாஃப்டைத் தொடங்கினார்கள்.

இதில் வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ஆல்டேரின் மூளையான இன்டெல் 8080 சில்லின் சில்லறை விலை மட்டும் 360 டாலர். அப்படியானால் முழு கம்ப்யூட்டரையும் 400 டாலருக்கு எப்படிக் கொடுக்க முடிந்தது? ராபர்ட்ஸ் மொத்தமாக ஆர்டர் கொடுத்து ஒரு சில்லை 75 டாலருக்குப் பேசி வாங்கினார். சிக்கனக் கம்ப்யூட்டரின் முதல் ரகசியம் மொத்தக் கொள்முதலில் இருந்தது.

அடுத்த ஆண்டு, 1976ல், ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த 'ஆப்பிள் 1' 666.66 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதுவும் ஒரு போர்டு மட்டும்தான். கேபினெட், பவர் சப்ளை, கீபோர்டு, திரை எல்லாவற்றையும் வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டும்.

ஐபிஎம் தெரிந்தும் தெரியாமலும் திறந்த கதவு

இன்று அசெம்பிள் செய்யப்படும் கம்ப்யூட்டரின் நேரடி மூதாதை ஆல்டேரும் அல்ல, ஆப்பிளும் அல்ல. 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளிவந்த ஐபிஎம் பிசிதான் அது. ஆரம்ப விலை 1,565 டாலர்.

ஐபிஎம் அதுவரை எல்லாவற்றையும் தானே தயாரிக்கும் கம்பெனி. ஆனால் இந்தச் சின்னக் கம்ப்யூட்டரைச் சீக்கிரம் சந்தைக்குக் கொண்டுவர வேண்டிய அவசரம் இருந்தது. டான் எஸ்ட்ரிஜ் தலைமையில் ஃபுளோரிடாவில் வேலை செய்த குழு, கடையில் கிடைக்கும் பாகங்களையே எடுத்துக்கொண்டது. பிராசஸர் இன்டெலிடம், ஆப்பரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்டிடம். மற்றவர்கள் கூடுதல் கார்டுகள் செய்து விற்க வசதியாக உள்ளமைப்பு விவரங்களையும் ஐபிஎம் புத்தகமாகவே வெளியிட்டது.

ஐபிஎம்முக்கு மட்டும் சொந்தமாக இருந்த ஒரே முக்கிய விஷயம் பயாஸ் என்ற சிறு நிரல். அதை அப்படியே காப்பியடித்தால் வழக்கு வரும். அதனால் காம்பேக் நிறுவனம், ஐபிஎம் எழுதியதைப் பார்க்காதவர்களை வைத்து, அதே வேலையைச் செய்யும் புதிய பயாஸை எழுதவைத்தது. 1982ல் அதன் கம்ப்யூட்டர் அறிவிக்கப்பட்டது. 1984ல் ஃபீனிக்ஸ் என்ற நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், இப்படி எழுதிய பயாஸை யார் கேட்டாலும் விலைக்குக் கொடுக்கத் தொடங்கியது. கதவு முழுசாகத் திறந்துவிட்டது! தைவானில் மதர்போர்டுகள் ஆயிரக்கணக்கில் தயாராயின. எந்தக் கம்பெனியின் போர்டும் எந்தக் கம்பெனியின் கேபினெட்டிலும் பொருந்தும் நிலை வந்தது.

பெரிய தொழிற்சாலை இல்லாமல், ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு ஒருவர் கம்ப்யூட்டர் தயாரிக்கலாம் என்ற நிலை இப்படித்தான் உருவானது.

மூலைப்பொழியிலிருந்து டெல்லிக்கு

சரி, அமெரிக்காவில் இதெல்லாம் நடக்கும்போது நம் பக்கம் என்ன நடந்தது? இங்கேயும் ஒருவர் அதே காலத்தில் அதே வேலையில் இருந்தார். சொல்லப்போனால் அவர் சாகுபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்!

திருச்செந்தூர் அருகே உள்ள மூலைப்பொழி கிராமத்தில் 1945ல் பிறந்தவர் ஷிவ் நாடார். கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்துவிட்டு, டெல்லியில் டிசிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1970களின் நடுவில் நண்பர்கள் சிலரோடு வேலையை விட்டு வெளியே வந்தார். முதலில் கால்குலேட்டர் விற்றார்கள். 1976ல் ஹெச்சிஎல் என்ற இந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட் உருவானது. நண்பர்கள் திரட்டிய ஆரம்ப முதலீடு 1,87,000 ரூபாய். உத்தரப்பிரதேச மாநில அரசும் பங்குதாரராகச் சேர்ந்தது. 1978ல், அதாவது ஐபிஎம் பிசி வருவதற்கு 3 ஆண்டுகள் முன்பே, '8சி' என்ற மைக்ரோ கம்ப்யூட்டரை ஹெச்சிஎல் வெளியிட்டது.

அதே 1978ல்தான் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. 1973ம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி (ஃபெரா) வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையை அது ஏற்கவில்லை. அந்தக் காலியிடத்தை ஹெச்சிஎல், டிசிஎம், விப்ரோ போன்ற இந்திய நிறுவனங்கள் நிரப்பின.

திறமை இருந்தது, கம்பெனிகளும் இருந்தன. ஆனாலும் அந்த இயந்திரங்கள் வங்கிகளுக்கும் பெரிய அலுவலகங்களுக்கும்தான் போயின. மூலைப்பொழியில் பிறந்தவர் கம்ப்யூட்டர் செய்தும், அது மூலைப்பொழிக்கோ சாகுபுரத்துக்கோ வந்து சேர இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஏன்?

வரி என்னும் மதில் சுவர்

அமெரிக்காவில் 400 டாலர் என்றால் 1975ன் கணக்கில் ஏறத்தாழ 3,300 ரூபாய். ஆனால் இந்தியாவில் ஒரு மாணவர் அந்தப் பணத்தைக் கையில் வைத்திருந்தாலும் ஆல்டேரை வாங்கியிருக்க முடியாது. டாலர் கிடைக்காது. இறக்குமதி லைசென்ஸ் கிடைக்காது. அதையும் மீறிப் பொருள் வந்து சேர்ந்தால் 100 சதவீதத்தையும் தாண்டிய சுங்க வரி காத்திருக்கும்.

1984 நவம்பரில், ராஜீவ் காந்தி பிரதமரான சில வாரங்களில், புதிய கம்ப்யூட்டர் கொள்கை அறிவிக்கப்பட்டது. லைசென்ஸ் கெடுபிடிகள் தளர்ந்தன. வன்பொருள், மென்பொருள் மீதான இறக்குமதி வரி 60 சதவீதமாகக் குறைந்தது. 60 என்பதே குறைப்பு என்றால் அதற்கு முந்தைய நிலையை யோசித்துப் பாருங்கள்!

உடனே மாற்றம் தெரிந்தது. சென்னையில் சி. சிவசங்கரனின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம் 1980களின் நடுவில் 'சிவா பிசி' என்ற கம்ப்யூட்டரை 33,000 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. மற்ற கம்பெனிகளின் விலை அதைவிட மிக அதிகமாக இருந்த காலம் அது. வெளிநாட்டுப் பாகங்களை மலிவாக வாங்கி, குறைந்த லாபம் வைத்து, அதிக எண்ணிக்கையில் விற்பது என்ற உத்தி தமிழ்நாட்டில் இங்கிருந்து பிரபலமானது.

ஆனாலும் 33,000 ரூபாய் என்பது யாருக்கு மலிவு? இதைப் புரிந்துகொள்ள ஒரு அளவுகோல் வேண்டும். மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளலாம். நான்காவது ஊதியக்குழுவின்படி 1986ல் அது மாதம் 750 ரூபாய். அகவிலைப்படியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், சிவா பிசியின் விலை 44 மாதச் சம்பளம்! சாப்பிடாமல் இருந்தாலும் மூன்றரை வருடத்துக்கு மேல் சேமிக்க வேண்டும்.

1991ல் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தது. எல்லாப் பொருட்களுக்குமான உச்சபட்ச சுங்க வரி அந்த ஆண்டு 150 சதவீதமாகவும், படிப்படியாக 1995ல் 50 சதவீதமாகவும் இறங்கியது. ஒரு சின்ன உதாரணக் கணக்கு: துறைமுகத்தில் 100 ரூபாய்க்கு வந்து இறங்கும் ஒரு பாகத்துக்கு 150 சதவீத வரி போட்டால் 250 ரூபாய். அதன்மேல் வியாபாரி 10 சதவீத லாபம் வைத்தால் 275. அதே பாகத்துக்கு வரியே இல்லை என்றால், அதே 10 சதவீத லாபத்தோடு 110 ரூபாய்தான். வரி மட்டும் ஏறவில்லை, வரியின்மேல் வைக்கும் லாபமும் சேர்ந்து ஏறுகிறது. இதில் வாங்குகிறவருக்கு எந்தப் பங்கும் இல்லை, பில்லைக் கட்டுவதைத் தவிர.

1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் உருவானது. இந்தியா 1997ல் அதில் இணைந்தது. அதன்படி கம்ப்யூட்டர் சார்ந்த 217 வகைப் பொருட்களின் சுங்க வரி படிப்படியாகக் குறைந்து 2005ல் பூஜ்யமானது.

ஆக, ஆல்டேருக்கும் சாகுபுரம் வீட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தொழில்நுட்பம் மட்டும் உண்டாக்கவில்லை. அதில் ஒரு பெரிய பகுதி வரியும் லைசென்ஸும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும். உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பதற்காகத்தான் அந்தச் சுவர் எழுப்பப்பட்டது; ஹெச்சிஎல் போன்ற நிறுவனங்கள் வளர அது உதவவும் செய்தது. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது, அந்த வருடங்களில் கம்ப்யூட்டரைக் கண்ணாலும் பார்க்காமல் கல்லூரியை முடித்த ஒரு தலைமுறை.

ரிச்சி தெருவும் ராத்திரி ரயிலும்

சென்னை அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கிறது ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மக்கள் 'ரிச்சி ஸ்ட்ரீட்' என்கிறார்கள். டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய எலக்ட்ரானிக்ஸ் சந்தை என்று சொல்லப்படும் இடம். ரேடியோ உதிரி பாகங்கள் விற்ற கடைகள் காலத்துக்கு ஏற்ப டிவி, டேப் ரெக்கார்டர், பிறகு கம்ப்யூட்டர் பாகங்களுக்கு மாறின.

1990களின் கடைசியில் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் போன்ற ஊர்களில் சின்னச் சின்ன அசெம்பிளிங் கடைகள் முளைத்தன. பத்துக்குப் பத்து அறை, ஒரு மேஜை, ஒரு மல்டிமீட்டர், சுவரோரம் காலி அட்டைப் பெட்டிகள். நடத்துகிறவர் பெரும்பாலும் டிப்ளமோ முடித்த இளைஞராக இருப்பார். ஆர்டர் வந்தால் சரக்குக்குச் சென்னைதான். தூத்துக்குடியிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ், திருநெல்வேலியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். சாயங்காலம் ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து ரிச்சி தெரு பக்கம்தான். பகல் முழுக்க கடை கடையாக விலை விசாரித்து வாங்கிவிட்டு அன்று ராத்திரியே திரும்பிவிடலாம். லாட்ஜ் செலவு மிச்சம்!

இதில் ஒரு முரண் உண்டு. தூத்துக்குடி 1974ல் நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்ட ஊர். கப்பல்கள் வந்துபோகும் கடற்கரையிலேயே இருந்துகொண்டு, ஒரு மதர்போர்டுக்காக 600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய்வர வேண்டியிருந்தது. துறைமுகம் பக்கத்தில் இருப்பதும் சந்தை பக்கத்தில் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரு வீட்டின் பட்ஜெட்

2000ஆம் ஆண்டு வாக்கில் ஒரு அசெம்பிள்டு செட்டின் விலை 30,000 முதல் 35,000 ரூபாய் வரை. கம்பெனி கம்ப்யூட்டர் என்றால் அதற்கும் மேல் 10,000 ரூபாயாவது கூடும். ஐந்தாவது ஊதியக்குழுவின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2,550 ரூபாய். அதே அளவுகோலில் 32,000 ரூபாய் என்பது 12 மாதச் சம்பளத்துக்குச் சற்று மேல். 44 எங்கே, 12 எங்கே! இப்போது அது தீபாவளி போனஸ், சீட்டுப் பணம், பி.எஃப். லோன், கொஞ்சம் நகைக் கடன் என்று திரட்டக்கூடிய தொகை ஆகிவிட்டது.

திரட்டிய பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் உண்மையான சாமர்த்தியம். கடைக்காரர் ஒரு துண்டுத் தாளில் கொட்டேஷன் எழுதித் தருவார். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு பேரம்.

பிராசஸர்: பென்டியம் 3 வேண்டுமா, செலரான் போதுமா? 1998ல் இன்டெல் செலரானைக் கொண்டுவந்ததே மலிவு விலைச் சந்தைக்காகத்தான். 2000ல் ஏஎம்டியின் டியூரான் வந்ததும் போட்டி இன்னும் சூடானது. பள்ளிப் பாடத்துக்கும் டைப்பிங்குக்கும் இரண்டில் எதுவும் தாராளம்.

மதர்போர்டு: 1999ல் வந்த இன்டெல் 810 போன்ற சிப்செட்டுகளில் டிஸ்ப்ளே வசதி போர்டிலேயே இருந்தது. சவுண்டும் அப்படியே. தனித்தனி கார்டு வாங்கும் செலவு மிச்சம். விளையாட்டுகள் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான்.

நினைவகம்: முதலில் 64 எம்பி. காலியாக இருக்கும் ஸ்லாட்டில் அடுத்த போனஸுக்கு இன்னொரு 64. இப்படித் தவணையில் வளரும் வசதி, பாகங்களாகச் சேர்த்த கம்ப்யூட்டரின் பெரிய பலம்.

மானிட்டர்: மொத்த விலையில் கிட்டத்தட்ட கால்வாசி இதற்கே போகும். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்பது அனுபவசாலிகளின் அறிவுரை. மற்ற பாகங்கள் மாறினாலும் மானிட்டர் பல வருடம் நிற்கும்.

எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ்: பட்ஜெட் இடித்தால் முதலில் அடிபடுவது இவைதான். மலிவான எஸ்எம்பிஎஸ் போட்ட பெட்டி, மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் ஒரு கோடைகாலத்திலேயே மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடக்கூடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து சில ஆயிரத்தை இழந்த கதை எல்லா ஊரிலும் உண்டு.

கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. உப்புக்காற்று. ஒருநாள் காலையில் சுவிட்சைப் போட்டால் திரையில் ஒன்றும் வராது, பீப் பீப் என்று சத்தம் மட்டும் கேட்கும். கேபினெட்டைத் திறந்து ரேம் கார்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட அழி ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினால் உயிர் வந்துவிடும். பல மாணவர்கள் கம்ப்யூட்டரின் உள்ளே கை வைத்த முதல் தருணம் இதுதான். பெட்டியைத் திறந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்ற தைரியத்தை எந்த கம்ப்யூட்டர் சென்டரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அசெம்பிள்டு செட் சொல்லிக்கொடுத்தது.

பில் வேணுமா அண்ணாச்சி?

இந்தக் கதைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அதை மறைத்தால் வரலாறு ஆகாது.

அசெம்பிள்டு செட் மலிவாக இருந்ததற்குக் காரணம் கடைக்காரரின் நல்ல மனது மட்டுமல்ல. 2000களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டருக்கு 16 சதவீத எக்சைஸ் வரி இருந்தது. பெரிய கம்பெனிகள் அதைக் கட்டின. ஆண்டுக்கு 1 கோடி ரூபாய்க்குள் விற்பனை செய்யும் சிறு உற்பத்தியாளருக்கு அந்த வரியிலிருந்து சட்டப்படியே விலக்கு உண்டு. இதுவரை சரி. ஆனால் "பில் வேணுமா அண்ணாச்சி? பில் போட்டா ரேட் கூடும்" என்ற கேள்வியில் விற்பனை வரியும் காணாமல் போனது. பில் இல்லாத பொருளுக்கு வாரண்டி என்பது கடைக்காரரின் வாய்ச்சொல்தான். கடையை மூடிவிட்டு அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டால் அந்த வாய்ச்சொல்லும் போய்விடும்.

மென்பொருளும் அப்படித்தான். விண்டோஸும் ஆபிஸும் காசு கொடுத்து வாங்கினால் பட்ஜெட் எங்கேயோ போய்விடும். அதனால் கொட்டேஷனில் மென்பொருள் என்ற வரியே இருக்காது, ஆனால் கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கும்! லினக்ஸ் இலவசமாகவே கிடைத்தது. பிசிக்யூஸ்ட் இதழ் 1990களிலேயே அதை சிடியில் போட்டு வாசகர்களுக்குக் கொடுத்தது. ஆனால் சென்டர்களில் சொல்லிக்கொடுத்தது விண்டோஸ், வேலைக்குக் கேட்டதும் விண்டோஸ். திருட்டுப் பிரதி என்று தெரிந்தும் வாங்கியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. ஆனால் அது இலவசமாக வந்ததும் அல்ல. வைரஸும் அப்டேட் கிடைக்காத சிஸ்டமும் அதற்குக் கொடுத்த விலை.

உலகம் அசைந்தால் ஊரும் அசையும்

1999 செப்டம்பர் 21 அன்று தைவானில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. 2,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மின்சாரம் துண்டிக்கப்பட்டு சின்ச்சு பகுதியின் சில்லு ஆலைகள் நின்றன. உலகச் சந்தையில் ரேம் விலை எகிறியது. 2011ல் தாய்லாந்தில் வந்த வெள்ளம் ஹார்ட் டிஸ்க் ஆலைகளை மூழ்கடித்தபோது ஹார்ட் டிஸ்க் விலை அதேபோல் ஏறியது. துண்டுத் தாளில் எழுதிய கொட்டேஷன் 'இன்றைக்கு மட்டும்' செல்லும் என்று கடைக்காரர் சொல்வது வெறும் வியாபாரத் தந்திரம் அல்ல. திருநெல்வேலியின் பத்துக்குப் பத்து கடை உலகப் பொருளாதாரத்தோடு அவ்வளவு நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தது.

9,990 ரூபாய்

2004 பட்ஜெட்டில் கம்ப்யூட்டருக்கான எக்சைஸ் வரி நீக்கப்பட்டது. (2006ல் 12 சதவீதமாக மீண்டும் வந்தது.) 2005ல் சுங்க வரி பூஜ்யமானது. அதே 2005ல் ஒரு செய்தி பரபரப்பாகப் பேசப்பட்டது. 10,000 ரூபாய்க்குள் ஒரு முழு கம்ப்யூட்டர்! விலை 9,990 ரூபாய். வியா பிராசஸர், 128 எம்பி ரேம், லினக்ஸ். வெளியிட்டது யார்? ஹெச்சிஎல் குழுமம்தான். 1978ல் அலுவலகங்களுக்கு மட்டும் எட்டிய இயந்திரம், 27 வருடம் கழித்து, மூலைப்பொழிக்காரர் தொடங்கிய அதே கம்பெனியிடமிருந்து சாதாரண வீட்டின் விலைக்கு இறங்கி வந்தது. ஆறாவது ஊதியக்குழு 2006 முதல் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் 7,000 ரூபாய். 20,000 ரூபாய்க்குள் நல்ல அசெம்பிள்டு செட்டே கிடைத்த காலம் அது. அதாவது மூன்று மாதச் சம்பளத்துக்குள்.

44 மாதம், 12 மாதம், 3 மாதம். இந்த மூன்று எண்களே ஒரு முழு வரலாறு.

விசித்திரம் என்னவென்றால், எந்த வரிக்குறைப்பு கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்ததோ அதுவே அசெம்பிளிங் கடையின் ஆதாயத்தையும் கரைத்தது. கம்பெனி கம்ப்யூட்டருக்கும் அசெம்பிள்டுக்கும் இருந்த விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி வரிதான். வரி போனதும் வித்தியாசமும் சுருங்கியது. பிறகு லேப்டாப் வந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அப்புறம் ஸ்மார்ட்போன். 2017ல் ஜிஎஸ்டி வந்து கம்ப்யூட்டருக்கு 18 சதவீதம் என்று ஆனபின், பில் இல்லாத வியாபாரமும் கடினமானது. பல கடைகள் சிசிடிவி கேமரா, பிரிண்டர் சர்வீஸ் என்று மாறிக்கொண்டன. இன்று டெஸ்க்டாப் அசெம்பிள் செய்கிறவர்களில் பலர் கேம் விளையாடுகிறவர்களும் வீடியோ எடிட் செய்கிறவர்களும்தான். சிக்கனம் தேடுகிறவர்கள் குறைவு.

2023 ஆகஸ்டில் லேப்டாப், டேப்லட், ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர் ஆகியவற்றின் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் அதைத் தள்ளிவைத்து, பிறகு முன்பதிவு செய்து அனுமதி பெறும் முறையாகத் தளர்த்தியது. 1970களின் அந்த வார்த்தை முழுசாகச் செத்துவிடவில்லை என்பதை அது நினைவுபடுத்தியது.

திறக்க முடிந்த பெட்டி

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தல் நடந்த காலத்தில் (கடைசியாக 1961ல் நடந்தது) சிப்பிகளைத் திறக்காமலேயே ஏலம் விடுவார்கள். ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று கேட்பார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது வாங்குகிறவரின் அதிர்ஷ்டம். இன்று வாங்கும் பல போன்களும் மெல்லிய லேப்டாப்புகளும் அந்தச் சிப்பியைப் போன்றவை. ரேம் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கிறது. பேட்டரி பசையில் இருக்கிறது. ஒரு பாகம் கெட்டால் முழுப் பொருளையும் மாற்று என்கிறார்கள்.

அசெம்பிள்டு செட் அப்படி அல்ல. அதில் எது என்ன விலை, எதைக் குறைத்தால் என்ன போகும், எதை அடுத்த வருடம் சேர்க்கலாம் என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்திருந்தது. குறைந்த வருமானம் உள்ள ஒரு குடும்பத்துக்கு அந்த அறிவுதான் பேரம் பேசும் பலம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளின் விலையை விற்கிறவர் மட்டுமே தீர்மானிப்பார்.

சாகுபுரத்திலோ ஆறுமுகநேரியிலோ ஏதாவது ஒரு வீட்டுப் பரணில், மஞ்சளடித்துப் போன ஒரு கேபினெட் இன்றும் இருக்கலாம். பழைய இரும்புக்குப் போடும் முன் அதன் பக்கவாட்டு மூடியில் உள்ள ஸ்க்ரூக்களை ஒருமுறை பார்க்க வேண்டும். பலமுறை கழற்றி மாட்டியதில் அவற்றின் தலை தேய்ந்திருக்கும். அந்த வீட்டில் யாரோ ஒருவர் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியதோடு நிற்காமல், அதைப் புரிந்துகொள்ளவும் முயன்றார் என்பதற்கு அதுவே சாட்சி.